மத்தியானம் அவர் சாப்பிடும் வீடு

என் கணவருக்கு இரத்தத்தில் சீனி குறைந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான், அரை நிமிடம். அதற்குப் பிறகு டாக்டர் என் பக்கம் திரும்பி, "சிஞ்ஞோரா, பாராட்டு உங்களுக்குத்தான். வீட்டில் நல்ல சாப்பாடு கொடுக்கிறீர்கள்" என்றார். நான் வெட்கப்பட்டுச் சிரிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன், இத்தாலிய மொழியில், ஒரு பிழையும் விடாமல், "இல்லை டாக்டர். நான் வேலை செய்கிற வீட்டில் சாப்பிடுகிறேன். எல்லாம் அந்த வீட்டுச் சிஞ்ஞோராவின் சாப்பாடு" என்றார்.

ஒரு பொய் சொன்னால் என்ன? இருபத்துமூன்று வருடம் சமைத்துப் போட்டவள் பக்கத்தில் இருக்கிறாள். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுக்கக் கெஸ்தூராப் பொலிஸ் நிலையத்தில் வரிசையில் நின்ற காலத்தில் எத்தனை பொய் சொல்லியிருப்பார், இதற்கு மட்டும் அரிச்சந்திரனாகிவிட்டார். டாக்டர் தலையை ஆட்டினார். "அதுதான் மத்தியதரைக்கடல் உணவு. மருந்தைவிட நல்லது. விடாதீர்கள்" என்று சொல்லி, அச்சடித்த பட்டியல் ஒன்றை எடுத்து நீட்டினார். அவரிடம் நீட்டவில்லை, என்னிடம் நீட்டினார். மரக்கறி, பயறு, மீன், பழம், ஒலிவ் எண்ணெய், இறைச்சி எப்போதாவது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று தெரிந்துதான் ஒட்டினேன்.

எங்கள் வீடு சீசா என்கிற பகுதியில், நான்காம் மாடியில். லிஃப்ட் இருக்கிறது, ஏறாது. நான் காலை ஆறு மணிக்குப் போய் மூன்று கட்டடங்களின் படிகளைக் கழுவிவிட்டுப் பதினொரு மணிக்குத் திரும்பி வந்து உலை வைப்பேன். அவர் முன்பு துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். பின்னேரம் நாலு மணிக்கு வந்து ஒரு மலை சோறு சாப்பிட்டுவிட்டுப் படுப்பார், திரும்ப எழும்பிப் போவார். அப்படித்தான் அவருக்குச் சீனி வருத்தம் வந்தது. நீரிழிவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

அந்த வேலையை விடச் சொல்லி நச்சரித்தது நான். கால்சாப் பகுதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்று, நான் படி கழுவுகிற கட்டடத்தில் ஒருத்தி சொன்னபோது, விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பேசி முடித்ததும் நான். அப்போது அவளுக்கு எண்பத்துநான்கு வயது, கணவர் இல்லை, ஒரே மகன் வடக்கே எங்கோ பனி பெய்கிற ஊரில். காலை எட்டு மணியிலிருந்து பின்னேரம் மூன்று மணிவரை வேலை. வீட்டைத் துடைப்பது, சந்தைக்குப் போவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, கையைப் பிடித்துப் படியிறக்குவது. இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும் என்று வாயெல்லாம் பல்லாக நின்றேன். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டவள் நான்.

முதலில் மத்தியானச் சாப்பாடு போனது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, வந்ததும் வராததுமாக, "எனக்கு எடுத்து வைக்க வேண்டாமப்பா, அங்கையே சாப்பிட்டிட்டன்" என்றார். சரி, இன்று மட்டும்தானே என்று நினைத்தேன். பிறகு எல்லா நாளும் அப்படியே ஆனது. அடுத்ததாக இரவுச் சோறு போனது. இரண்டு துண்டு பாண், தக்காளி, வெங்காயம், மேலே ஒலிவ் எண்ணெய், அவ்வளவுதான். அந்த எண்ணெயை ஊற்றுகிற விதத்தைப் பார்க்க வேண்டும். போத்தலைத் திறந்து முதலில் மணந்து பார்ப்பார். கண்ணை வேறு மூடிக்கொள்வார். என் சொதியை ஒருநாளாவது அப்படி மணந்தாரா?

வயிறு வற்றியது. இடுப்புப் பட்டியில் புதிதாக ஓட்டை போட்டார். கோயிலில் கண்டவர்கள், "என்ன, மாப்பிள்ளை மாதிரி வாறார்!" என்று என்னிடமே கேட்டார்கள். ஓம், மாப்பிள்ளைதான், யார் வீட்டு மாப்பிள்ளை என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பக்கத்தில் நின்று சிரித்தேன்.

இதில் என் வயிற்றை அதிகம் எரித்தது சுரைக்காய். இந்த ஊரில் கோடை வந்தால் ஆள் உயரத்துக்கு ஒரு காய் சந்தைக்கு வரும். வெளிர்பச்சையாகப் புடலங்காய் போல நீண்டிருக்கும், ஆனால் அரிந்து மணந்தால் சாட்சாத் சுரைக்காய். இவர்கள் அதன் கொழுந்து இலையையும் விடமாட்டார்கள். தெனெருமி என்று பெயர் வைத்துக் கட்டுக்கட்டாக விற்பார்கள். எங்கள் வீட்டில் நான் சுரைக்காய்க் கறி வைத்தால் தட்டின் ஓரமாக ஒதுக்கி வைக்கிற மனுஷன், "இண்டைக்குத் தெனெருமி. தக்காளியும் உள்ளியும் போட்டு, ஸ்பகெட்டியை முறிச்சுப் போட்டு... என்ன ருசி!" என்று என் முன்னால் நின்று நாக்கைச் சப்புக்கொட்டினார். என் கையால் வைத்தால் தண்ணிக் காய், அவள் வீட்டில் வைத்தால் அமிர்தம்.

இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் சாப்பிடுகிறார்கள் என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். கபோ சந்தைக்குப் போய்ப் பாருங்கள். கடலைமாவைப் பொரித்துப் பாணுக்குள் வைத்து, நின்ற நிலையில் விழுங்கிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் பறக்கிறவர்கள்தான் பாதிப்பேர். டாக்டரின் பட்டியல்படி வாழ்வதற்கு நேரம் வேண்டும். அந்தச் சிஞ்ஞோராவுக்கு நேரம் இருந்தது. நேரம் மட்டுமா, பக்கத்தில் என் கணவரும் இருந்தார். காலையில் இரண்டுபேரும் கைகோத்துக்கொண்டு சந்தைக்குப் போவார்களாம். ஒரு கத்தரிக்காயைப் பத்துத் தரம் திருப்பிப் பார்ப்பார்களாம். ஒரு மணிக்கு உட்கார்ந்தால் இரண்டரைக்குத்தான் எழும்புவார்களாம். இதையெல்லாம் அவரே வந்து சொல்வார், கள்ளங்கபடம் இல்லாமல், எனக்கும் கேட்கச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த வீட்டில் சாப்பிடுகிறது போல என் வீட்டிலும் அவர் ஒருநாள் சாப்பிட வேண்டும். பெரிய ஆசையா இது?

பதினேழு வயது மகள் ஒருநாள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அம்மா, நீங்கள் ஜெலோசா."

"எனக்கென்னடி பொறாமை?"

"எண்பத்தாறு வயசு மனுசியில போய்! மாதோன்னா!" என்று சிரித்தாள்.

சட்டியை நங்கென்று வைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது சரிதான். பொறாமைதான். அந்த மனுசியின் காதுத் தோட்டிலோ கால்சா வீட்டின் உயரக் கூரையிலோ இல்லை. ஒன்றரை மணித்தியாலத்தில் பொறாமை. என் வீட்டில் அவர் சாப்பிட்டு எழும்ப எட்டு நிமிடம் எடுக்கும். நான் மணிக்கூடு பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் அவர் மத்தியானம் போடுகிற மருந்துக் குளிசையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் பஸ் ஏறினேன். கால்சாவில் அந்தத் தெரு எனக்குத் தெரியும். ஒரு பக்கம் புதிதாகப் பூசிய மாளிகை, எதிர்ப்பக்கம் சுவர் உரிந்த வீடுகளில் தொங்குகிற ஈர உடுப்பு. மூன்றாம் மாடி ஏறினேன். காற்று வரட்டும் என்று வாசல் கதவைத் திறந்து வைத்துத் திரை மட்டும் போட்டிருந்தார்கள். திரையை விலக்கினால் நேரே மேசை.

வெள்ளை விரிப்பு, இரண்டு தட்டு, இரண்டு கிளாஸ். வெயில் வராமல் யன்னல் பலகைகளைச் சாத்தியிருந்தார்கள். என் கணவர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையில் பாணை வைத்துக்கொண்டு, மறு கையை வீசி வீசிக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பழைய சாப்பாட்டுக் கடை முதலாளி எப்படிக் கத்துவான் என்று கத்திக் காட்டினார். முகத்தைக் கோணலாக்கி, கழுத்தை நீட்டி, அவனைப் போலவே கையை மடித்துக் காட்டினார். சிஞ்ஞோரா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அந்த முதலாளியிடம் அவர் பதினோரு வருடம் வேலை செய்தார். அவன் கத்துவான் என்று என்னிடம் ஒரு சொல் சொன்னதில்லை.

என்னைக் கண்டதும் சிஞ்ஞோரா, "வாருங்கள் சிஞ்ஞோரா, உட்காருங்கள், இன்னொரு தட்டு வைக்கலாம்" என்றாள்.

"வேண்டாம், நன்றி. நான் சாப்பிட்டுவிட்டேன்" என்றேன்.

விடிய ஐந்தரைக்குக் குடித்த தேநீரோடு சரி, வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களின் வழக்கம் தெரியாதா? சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டுக்குப் போனால், முதலில் வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். "கொஞ்சமாவது சாப்பிடுங்கோ" என்று அவர்கள் சொல்ல, "ஐயோ, இப்பதான்" என்று நாங்கள் சொல்ல, கையைப் பிடித்து இழுத்து இருத்தினால்தான் இருக்கலாம். உடனே இருந்தால் பறக்காவெட்டி என்பார்கள். சிஞ்ஞோரா, "சரி" என்று சொல்லிவிட்டு முள்ளுக்கரண்டியை எடுத்தாள். அவளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது, விட்டுவிடுவோம். இந்த மனுஷனுக்குமா தெரியாது? குளிசையை வாங்கிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, "அப்ப பின்னேரம் வாறன்" என்றார். நான் இறங்கிக் கடற்கரை வீதிக்குப் போய் ஒரு வாங்கில் உட்கார்ந்து அழுதேன். பசியாலா எரிச்சலாலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் விட்டேனா? "அங்கை வாய் கிழியக் கதைக்கிறியள். இஞ்சை வந்தால் உப்புக் காணாது எண்டது மட்டும்தான் வாயில வரும்."

"இஞ்சை ஆரோட கதைக்கிறது? நீர் அடுப்படியில நிக்கிறீர்" என்றார்.

"நிக்காமல்? நான் நிண்டதாலதான் இந்த வீட்டில சோறு வெந்தது."

அவர் எழும்பிப் போய்விட்டார். அடுப்படியில் நிற்கிறவள் என்று என்னைக் குறைத்துச் சொல்லிவிட்டாரே என்று எனக்கு இன்னும் ஏறியது.

சாப்பாட்டில் அவளைத் தோற்கடிப்பது என்று முடிவெடுத்தேன். அடுத்த சனிக்கிழமை கபோவுக்குப் போனேன். தொண்டை கிழியக் கத்துகிற வியாபாரிகளுக்கு நடுவில் நானும் கத்தரிக்காயைப் பத்துத் தரம் திருப்பினேன். கத்தரிக்காய்க்காரன், "வாங்கப் போகிறீர்களா, கல்யாணம் பேசப் போகிறீர்களா?" என்று கேட்டான். தெனெருமி இரண்டு கட்டு, சாளை மீன், தக்காளி, உள்ளி, இருந்ததிலேயே நல்ல ஒலிவ் எண்ணெய் எல்லாம் வாங்கினேன். ஞாயிறு முழுக்கச் சமைத்தேன். ஒரு துளி தேங்காய்ப்பால் இல்லை, ஒரு கரண்டி மிளகாய்த்தூள் இல்லை. மகள் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுவிட்டுத் தன் பங்கை அறைக்குள் கொண்டுபோனாள்.

மேசையில் வெள்ளை விரிப்பு விரித்தேன். தட்டை வைத்து, கிளாஸை வைத்து, அவரைக் கூப்பிட்டு இருத்தி, பரிமாறிவிட்டு, கரண்டியும் கையுமாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

சாப்பிட்டார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்.

"எப்படி?"

"நல்லாயிருக்கு."

"அங்கத்தைய மாதிரி இருக்கோ?"

கொஞ்சம் யோசித்தார். "எல்லாம் சரிதான். ஆனா..."

"என்ன ஆனா?"

"ஒண்டுமில்லையப்பா" என்று எழும்பிக் கையைக் கழுவினார். ஒன்பது நிமிடம். ஒரு நிமிடம் கூடியிருந்தது. மிச்சத்தைச் சட்டியோடு எடுத்து, அடுப்படியில் நின்றபடி நான் வழித்துச் சாப்பிட்டேன். எண்ணெய்தான் பிழை என்று பட்டது. அடுத்த கிழமை வேறு எண்ணெய் வாங்கினேன். அதற்கும் எட்டு நிமிடம்தான்.

ஆனி முடிவில் அவருக்குக் குடலிறக்கம் என்று ஒப்பரேசன் செய்தார்கள். மூன்று கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது. சிஞ்ஞோரா புதிதாக யாரையும் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாளாம். "மத்தியானத்துக்கு மட்டுமெண்டாலும் நீர் போவீரோ?" என்று கேட்டார். உடனே ஓம் என்றேன். அவர் நன்றியோடு பார்த்தார். அவருக்குத் தெரியாது, நான் உதவிக்குப் போகவில்லை, அந்த அடுப்படியில் என்ன மருந்து போடுகிறாள் என்று கண்டுபிடிக்கப் போகிறேன்.

கண்டுபிடிக்க ஒன்றும் இருக்கவில்லை. அதே இலை, அதே தக்காளி, அதே உள்ளி. எண்ணெய் என் வீட்டில் இருப்பதைவிட மலிவானது. சிஞ்ஞோரா அடுப்படிக் கதிரையில் உட்கார்ந்து இலையை ஆய்ந்தபடி, அதைச் செய், இதைச் செய் என்று ஏவினாள். நான் செய்தது ஒன்றும் அவளுக்குப் பிடிக்கவில்லை. "உங்கள் கணவர் ஸ்பகெட்டியை இன்னும் சின்னதாக முறிப்பார்" என்றாள். "உங்கள் கணவர் உள்ளியை நசுக்கமாட்டார், வெட்டுவார்" என்றாள். என் வீட்டில் உள்ளி எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டால் அந்த மனுஷனுக்குத் தெரியாது. நான் உள்ளியை இன்னும் பலமாக நசுக்கினேன்.

முதல் மூன்று நாளும் அவள் இரண்டு தட்டு வைத்தாள். மூன்று நாளும் நான், "சாப்பிட்டுவிட்டேன்" என்று சொல்லி, பரிமாறிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவள் பாதியை அப்படியே விட்டுவிட்டு எழும்பினாள். "அவர் எப்போது வருவார்?" என்று கேட்டாள். "இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது" என்றேன். அவள் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு உள்ளுக்குள் இனித்தது. மறைக்க என்ன இருக்கிறது? இனித்தது.

"இரவு முழுக்க உங்களோடுதானே இருக்கிறார். எனக்கு மத்தியானம் மட்டும்தானே" என்றாள் திடீரென்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருடம் கோப்பை கழுவிய ஒரு மனுஷனுக்கு இரண்டு பெண்கள் போட்டி! அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் என்னைப் போலவே எரிந்திருக்கிறது.

நாலாம் நாள் நான் வழக்கம்போல, "சாப்பிட்டுவிட்டேன்" என்றேன்.

"பொய். உங்கள் வயிறு கத்துகிறது, இங்கே கேட்கிறது" என்றாள்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு அப்படிச் சாப்பிடத் தெரியாது. ஒருவர் முன்னால் இருந்து பார்க்க, வாயை எப்படித் திறப்பது? குனிந்து, கையால் மறைத்து, இரண்டு கரண்டி விழுங்கினேன். எழும்பி அவளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். திரும்ப எழும்பிப் பாண் கொண்டுவந்தேன். மூன்றாம் தரம் எழும்பியபோது அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவர் சொன்னது சரிதான். உங்களுக்கு யாரோடும் சேர்ந்து சாப்பிடப் பிடிக்காது" என்றாள்.

"யார் சொன்னது?"

"உங்கள் கணவர். முதல் நாள் அவரை என்னோடு மேசையில் இருக்கச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் இருந்தார். முன்பு என் வீட்டில் வேலை செய்தவர்கள் எல்லாரும் அடுப்படியில்தான் சாப்பிட்டார்கள். கூச்சமில்லையா என்று அவரிடம் கேட்டேன். வீட்டில் எப்போதும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்றார். கல்யாணம் செய்த புதிதில் உங்களை ஒவ்வொரு நாளும் கூப்பிட்டாராம். நீங்கள் ஒவ்வொரு நாளும் மாட்டேன் என்றீர்களாம். என் மனைவிக்கு என்னோடு சாப்பிட விருப்பமில்லை என்று சொன்னார்."

இதை அவள் இரக்கத்தில் சொல்லவில்லை. சீட்டாட்டத்தில் கடைசிச் சீட்டை இறக்குகிற மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு துண்டுப் பாணால் தட்டிலிருந்த எண்ணெயைத் துடைத்துச் சாப்பிட்டாள். அந்தக் கிழமையில் அன்றுதான் அவள் தட்டைக் காலி செய்தாள்.

பஸ்ஸில் எனக்கு இருக்க இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் நினைவுக்கு வந்துவிட்டது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் முதல்முதல் இருந்த ஒற்றை அறை, ஒரு மேசை, இரண்டு கதிரை. எனக்கு இருபத்தைந்து வயது. "நீரும் இரும்" என்பார். "நீங்கள் சாப்பிடுங்கோ, நான் பிறகு" என்பேன். வேறென்ன சொல்வேன்? புருஷன் சாப்பிட முன்பு கூடவே உட்கார்ந்து அள்ளிப் போடுகிற பெண்ணுக்கு எங்கள் பக்கத்தில் என்ன பெயர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மீனும் இரண்டு துண்டுதான் இருக்கும். முன்னால் இருந்தால் நல்ல துண்டை எனக்கு வைத்துவிடுவார் என்றும் பயம். இவ்வளவும் அந்த 'நான் பிறகு' என்பதற்குள் இருந்தது. கையைப் பிடித்து இழுத்து இருத்துவார் என்ற ஆசையும் இருந்தது. அவர் இழுக்கவில்லை. வாயால் மட்டும் கேட்டார், பல நாள் கேட்டார். பிறகு ஒருநாள் கேட்காமலே சாப்பிட்டார். ஒரு பேச்சுக்குக்கூட இரு என்று சொல்கிறாரில்லையே என்று அன்று இரவு நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தது எனக்கு நல்ல ஞாபகம்.

எனக்கு விருப்பமில்லையாம். இருபத்துமூன்று வருடம் அந்த மனுஷன் அப்படி நினைத்துக்கொண்டு, என் முன்னால் தலையைக் குனிந்து, எட்டு நிமிடத்தில் சாப்பிட்டு எழும்பியிருக்கிறார். என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாமே. இன்னும் ஒரு மாதம் கேட்டிருந்தால் என்ன, நான் இருந்திருக்கமாட்டேனா? சரி, கேட்கவில்லை. மனதில் வைத்திருந்ததை ஒருநாள் வாயைத் திறந்து சொன்னாரே, அதைப் போய் ஏன் அவளிடம் சொன்னார்? சுரைக்காய்க்கு எரிந்ததும் ஒலிவ் எண்ணெய்க்கு எரிந்ததும் ஒன்றுமே இல்லை. இதற்குத்தான் எனக்கு நெஞ்சு எரிந்தது. அந்தச் சொல் எனக்கு வரவேண்டியது. அதை அவள் இரண்டரை வருடமாக வைத்திருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து சமைத்தேன். பட்டியலைப் பார்க்கவில்லை. சோறு, பருப்பு, மீன் குழம்பு, கீரை. மகள் முதலே சாப்பிட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் மெதுவாக நடந்துவந்து மேசையில் உட்கார்ந்தார். பாண் கேட்பார் என்று பார்த்தேன். கேட்கவில்லை. ஒப்பரேசனுக்குப் பிறகு நான் வைப்பதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொஞ்சமாகச் சோறு போட்டு, குழம்பு விட்டேன். அவர் குனிந்தார்.

இந்த இடத்தில் நான் திரும்பி அடுப்படிக்குப் போக வேண்டும். கால் தானாகவே திரும்பியது. நிறுத்தினேன். எதிரில் இருந்த மற்றக் கதிரையில் எந்த நாளும் மடிக்காத உடுப்பு ஒரு குவியல் கிடக்கும். அதை அள்ளிச் சோபாவில் போட்டேன். இன்னொரு தட்டை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

அவருடைய கை பாதி வழியில் நின்றுவிட்டது.

"என்னப்பா? உடம்புக்கு ஏலாதோ?"

"இல்லை."

"தலை சுத்துதோ? பிரஷரோ? பொறும், தண்ணி கொண்டு வாறன்." தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார்.

"ஒண்டுமில்லை, இருங்கோ."

"அப்ப ஏன் இருக்கிறீர்?"

அந்த முகத்தில் உண்மையான பயம் இருந்தது. இவள் உட்கார்ந்துவிட்டாளே, இவளுக்கு என்னவோ நடந்துவிட்டது என்ற பயம். இருபத்துமூன்று வருடத்தில் நான் காய்ச்சலில் விழுந்த நாட்களைத் தவிர அந்தக் கதிரையில் அவர் என்னைக் கண்டதில்லை.

"எனக்குப் பசிக்குது" என்றேன்.

இந்தச் சொல்லை அவரிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி எழும்பி, என் தட்டில் சோறு போட்டார்.